நீல ஓஎல்இடி: பாலிமரா, சிறு மூலக்கூறா? மாஸ்டர்ஸ் தலைப்புக்கு ஆலோசனை தேவை

பட்டர்வொர்த்_மாணவி · வெள்ளி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். வேதியியலில் டிகிரி முடித்துவிட்டேன். அடுத்த செமஸ்டரில் பினாங்கிலேயே மாஸ்டர்ஸ் ஆய்வு தொடங்கப் போகிறேன். ஓஎல்இடி (கைப்பேசித் திரையில் இருக்கும், கரிமப் பொருளில் ஒளிரும் எல்இடி) பற்றி மேற்பார்வையாளர் இரண்டு தலைப்பு கொடுத்திருக்கிறார். ஒன்று, பாலிஃபுளோரீன் வகைப் பாலிமரைச் செய்து அதில் நல்ல நீல ஒளி எடுப்பது. இன்னொன்று, டிஏடிஎஃப் (வெப்பத்தின் உதவியால் தாமதமாக ஒளிர்வது) எனப்படும் வகைச் சிறு மூலக்கூறுகள்.

"எல்இடி தானே, பாயான் லெப்பாஸில் ஆலை ஆலையாக இருக்கிறது, எதை எடுத்தாலும் வேலை உண்டு" என்கிறார் அப்பா. "பாலிமர் எல்இடி முடிந்துபோன கதை, அந்தப் பக்கமே போகாதே" என்கிறார் ஒரு சீனியர். பேப்பர்களைப் படித்தால் திறன் எண்கள் பிரமாதமாக இருக்கின்றன, ஆனால் நீலத்துக்கு ஆயுள் எவ்வளவு என்ற எண்ணைத் தேடினால் பல பேப்பர்களில் அதுவே இல்லை.

நான் கேட்க நினைப்பது இரண்டு. நீலம் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? அதைச் சரிசெய்ய ஒரு வேதியியல் மாணவியால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

ஷிப்ட்_இன்ஜினியர் · வெள்ளி, இரவு 10.05

தங்கச்சி, முதலில் அப்பா சொன்னதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தீவிலும் கூலிமிலும் நாங்கள் செய்வது கனிம எல்இடி. காலியம் நைட்ரைடு போன்ற படிகத்தை ஆயிரம் டிகிரி அளவு சூட்டில் அடுக்கடுக்காக வளர்த்து, நறுக்கி, பேக்கேஜ் செய்து, சோதித்து அனுப்புகிறோம். 1993இல் நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைக் காட்டிய பிறகு இந்தத் துறை பறந்தது. 2014 இயற்பியல் நோபல் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் போனது அதற்காகத்தான்.

ஓஎல்இடி வேறு உலகம். மொத்தக் கரிமப் படலமும் சேர்ந்து நூறு இருநூறு நானோமீட்டர் தடிமன்தான், படிகமும் கிடையாது. இங்குள்ள ஆலை வேலையை மனதில் வைத்து இந்த இரண்டில் ஒன்றை எடுக்காதீர்கள். தோல்வி ஆய்வு, ஒளி அளவீடு, ஆயுள் சோதனை போன்ற திறமைகள் இரண்டு பக்கமும் உதவும், அது வேறு விஷயம்.

கேஎல்_கெமிஸ்ட் · வெள்ளி, இரவு 11.30

நான் முனைவர் பட்டத்தில் இந்தத் துறையில் இருந்தவன், இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் பூச்சுப்பொருள் தொழிலில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987இல் கோடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் இருவரும் இரண்டு அடுக்கு வைத்து ஒரு ஓஎல்இடி செய்தார்கள். ஒரு அடுக்கு துளைகளை (எலக்ட்ரான் இல்லாத நேர்மின் இடங்களை) கடத்தும் அமீன், இன்னொன்று அல்க்யூ3 என்ற அலுமினிய மூலக்கூறு. 10 வோல்ட்டுக்குக் குறைவாகவே நன்றாக எரிந்தது, வெளித்திறன் (நூறு எலக்ட்ரான் கொடுத்தால் வெளியே வரும் ஒளித்துகள்) சுமார் 1 சதவீதம். அதுவரை கரிமப் பொருளில் ஒளி எடுக்க நூறு வோல்ட் வரைகூடக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதால், அந்த 1 சதவீதம் பெரிய சங்கதி. 1990இல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃபிரெண்ட் குழு பிபிவி என்ற பாலிமரில் பச்சை கலந்த மஞ்சள் ஒளியைக் காட்டியது. திறன் 0.05 சதவீதம்தான். ஆனால் கரைசலாக ஊற்றிப் படலமாக்கலாம் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

அடுத்து வந்த தடை குவாண்டம் இயற்பியல் போட்டது. எலக்ட்ரானும் துளையும் சந்தித்து எக்ஸைட்டான் (ஆற்றல் ஏறிய ஜோடி) உருவாகும்போது, சுழற்சியைப் பொறுத்து இரண்டு வகை வரும்: நான்கில் ஒன்றுதான் சிங்க்லெட், மீதி மூன்று ட்ரிப்லெட். சிங்க்லெட் மட்டும் ஒளி தரும் சாதாரண ஃபுளோரசன்ஸ் பொருளில் ட்ரிப்லெட் எல்லாம் வெப்பமாக வீணாகும். போதாததற்கு, உள்ளே பிறந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும். 25 சதவீதத்தில் ஐந்தில் ஒன்று என்றால் 5. அந்தச் சுவரை 1998இல் உடைத்தது பால்டோ, தாம்சன், ஃபாரஸ்ட் குழு. பிளாட்டினம் போன்ற கனமான அணுவை மூலக்கூறின் நடுவில் வைத்தால் ட்ரிப்லெட்டும் ஒளி தரும், இதற்குப் பெயர் பாஸ்பரசன்ஸ். பிறகு இரிடியம் வந்தது, உள்திறன் கிட்டத்தட்ட 100 சதவீதத்தைத் தொட்டது. இன்று நம் கைப்பேசித் திரையில் சிவப்பும் பச்சையும் எரிவது இந்த வழியில்தான்.

நீலம் மட்டும் இன்னும் பெரும்பாலும் பழைய ஃபுளோரசன்ஸ் வழியிலேயே நிற்கிறது. ஏன் என்பதை நாளை எழுதுகிறேன்.

ரிப்பேர்_கடை_பிரிக்ஃபீல்ட்ஸ் · சனி, காலை 10.48

அண்ணே, நாளை வரை காத்திருக்க முடியவில்லை. கடைக்கு வரும் போன்களில் தினமும் பார்க்கிறேன். கீபோர்டு தடம், மேலே பேட்டரி அடையாளம், இ-ஹெய்லிங் ஓட்டுபவர்கள் போனில் வரைபடத்தின் ஓரம், எல்லாம் திரையில் நிழலாக நின்றுவிடுகிறது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் அந்த இடம் மஞ்சளடித்துத் தெரியும். நீலம் குறைந்தால்தானே வெள்ளை மஞ்சளாகும்? மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நீலப் புள்ளிகள் மற்றதைவிடப் பெரிதாக இருக்கின்றன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கேஎல்_கெமிஸ்ட் · சனி, பிற்பகல் 2.20

நீங்கள் பார்த்தது சரியான தடயம் தம்பி. புள்ளியைப் பெரிதாக்கினால் ஒரே வெளிச்சத்துக்குப் பரப்புக்கு உரிய மின்னோட்டம் குறையும், பொருள் கொஞ்சம் நிதானமாகக் கிழடு தட்டும். வேதியியலால் தீர்க்க முடியாததை வடிவமைப்பால் ஈடுகட்டியிருக்கிறார்கள்.

இப்போது நீலத்துக்கு வருகிறேன். 460 நானோமீட்டர் நீல ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். சிவப்புக்கு அது 2 தான். கரிம மூலக்கூறின் கார்பன்-நைட்ரஜன், கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்புகளை உடைக்க 3 முதல் 4 வரை தேவை. அப்படியானால் 2.7இல் பிணைப்பு பிழைத்துவிடுமே என்று தோன்றும். ஆனால் ட்ரிப்லெட்டுகள் நீண்ட நேரம் வாழ்பவை, மைக்ரோவினாடிக் கணக்கில் காத்திருக்கும். அந்த நேரத்தில் ஒன்றோடொன்று மோதினால் ஒன்றின் ஆற்றல் மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். இரண்டு நீல ட்ரிப்லெட் சேர்ந்தால் 5க்கு மேல். அதைத் தாங்கும் ஒற்றைப் பிணைப்பு நம்மிடம் இல்லை. ட்ரிப்லெட் ஒரு மின்சுமையோடு மோதினாலும் இதே கதிதான். போதாததற்கு, எலக்ட்ரான் ஏற்று எதிர்மின் அயனியாக நிற்கும் மூலக்கூறில் சில கார்பன்-நைட்ரஜன் பிணைப்புகள் இன்னும் பலவீனமாகிவிடும்.

உடைந்த துண்டு சும்மா கிடப்பதில்லை. அது பக்கத்து எக்ஸைட்டான்களை விழுங்கும், மின்சுமையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நூற்றில் ஒரு மூலக்கூறு கெட்டாலே வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும். ஆகவே ஆயுள் என்பது மின்சுற்றுப் பிரச்சினை கிடையாது, எந்தப் பிணைப்பு எந்த நிலையில் உடைகிறது என்ற பிரச்சினை. மாணவி தங்கச்சி கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

என்ன செய்கிறார்கள் என்றால், ட்ரிப்லெட் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கிறார்கள், பலவீனமான பிணைப்பை மூலக்கூறிலிருந்தே நீக்குகிறார்கள், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைக்கிறார்கள். டியூட்டீரியத்துக்கு எடை அதிகம், அதிர்வு மெதுவாகும், பிணைப்பு உடைவதும் தாமதப்படும். 2021 இறுதியில் எல்ஜி டிஸ்ப்ளே தன் டிவி பேனல்களில் இதைக் கொண்டுவருவதாக அறிவித்தது. 2024 ஐபேட் ப்ரோவில் இருப்பதுபோல் இரண்டு ஒளிரும் அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சுமையைப் பங்கிடும் வழியும் உண்டு. 2025இல் நீல பாஸ்பரசன்ஸை ஒரு அடுக்கிலும், பழைய நீல ஃபுளோரசன்ஸை இன்னொரு அடுக்கிலும் வைத்து வணிகத் தரத்தை எட்டியதாக எல்ஜி டிஸ்ப்ளே சொன்னது. முழுக்க பாஸ்பரசன்ஸை நம்பி இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

என் வாக்கு டிஏடிஎஃப் பக்கம். பாலிமர் வேண்டாம்.

பாலிமர்_டீச்சர் · சனி, மாலை 5.55

கேஎல் தம்பி எழுதிய வேதியியல் அத்தனையும் சரி. கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. நீண்ட காலம் பினாங்கில் பாலிமர் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான், இந்தப் பிள்ளை பாலிமரை ஒதுக்கும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிபிவி எதிலும் கரையாது. 1990இல் படலம் செய்யக் கரையக்கூடிய முன்னோடிப் பாலிமரை முதலில் பரப்பி, பிறகு வெற்றிடத்தில் சூடாக்கித்தான் பிபிவியாக மாற்றினார்கள். கண்ணாடியின் மேலேயே வினை நடந்தது. அதன் பிறகு பக்கக் கிளைகளை ஒட்டி நேராகக் கரையும் எம்இஹெச்-பிபிவி வந்தது, 1991இல் பிரவுனும் ஹீகரும் அதில் சிவப்புச் சாயல் கொண்ட ஆரஞ்சு ஒளி எடுத்தார்கள். ஹீகருக்கு 2000இல் நோபல் கிடைத்தது கடத்தும் பாலிமர்களுக்காக, மெக்டயர்மிட், ஷிராகவா ஆகியோருடன் சேர்த்து.

இதன் நடுவில் நடந்த ஒரு வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் இந்தத் துறையிலேயே மிக அழகான வேலை. பிபிவியைச் செய்யும் கில்ச் வழியில் மோனோமர்கள் தலை-வால் என்று வரிசையாகச் சேர வேண்டும். சில சமயம் தலை-தலை என்று மாறிச் சேர்ந்துவிடும். அந்த இடத்தில் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புக்குப் பதில் ஒரு ஒற்றைப் பிணைப்பும் ஒரு முப்பிணைப்பும் வந்து நிற்கும். சில சதவீதம்தான். ஆனால் ஜெர்மனியில் கோவியன் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அந்தக் குறைகளை என்எம்ஆரில் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் காந்த அளவீட்டில்) எண்ணிப் பார்த்து, குறை கூடக் கூட ஆயுள் சரிவதைக் காட்டினார்கள். பிறகு ஃபீனைல் வளையத்தில் சரியான இடத்தில் சரியான கிளையை வைத்து, தலை-தலை சேர்க்கையையே நடக்கவிடாமல் தடுத்தார்கள். இன்றும் ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் சூப்பர் யெல்லோ அந்தக் குடும்பத்துப் பாலிமர்தான். மின்முனையையோ சுற்றையோ தொடவில்லை. சங்கிலியில் ஒரு குறையைத் திருத்தினார்கள், ஆயுள் ஏறியது.

சிறு மூலக்கூறில் இருக்கும் அசுத்தம் அரிசியில் கல் மாதிரி, புடைத்து எடுத்துவிடலாம், அதாவது வெற்றிடத்தில் பதங்கமாக்கிச் சுத்தம் செய்யலாம். பாலிமரில் அந்தக் கல் மாவோடு சேர்ந்து அரைபட்டுவிட்டது. சங்கிலிக்குள் புகுந்த குறையை எந்தச் சுத்திகரிப்பும் எடுக்காது, அதை வினையிலேயே தடுத்தாக வேண்டும். பாலிமரில் பயின்ற வேதியியலாளருக்கு இந்த ஒழுக்கம் கைவந்துவிடும். அது எந்தத் துறைக்குப் போனாலும் கூடவே வரும்.

ஷிப்ட்_இன்ஜினியர் · சனி, இரவு 8.10

டீச்சர், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நல்லது என்றால் சந்தையில் பாலிமர் ஏன் இல்லை? 2000களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் ஷேவரிலும் கைப்பேசியின் வெளித்திரையிலும் பாலிமர் திரை வந்தது. கேம்பிரிட்ஜ் டிஸ்ப்ளே டெக்னாலஜியை 2007இல் சுமிட்டோமோ கெமிக்கல் வாங்கியது. அப்புறம் பெரிய சத்தம் எதையும் காணோம்.

பாலிமர்_டீச்சர் · சனி, இரவு 9.40

கேட்க வேண்டிய கேள்விதான். வெற்றிடத்தில் ஆவியாக்கும் முறையில் ஏழெட்டு அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். கரைசல் முறையில் இரண்டாம் அடுக்கை ஊற்றும்போது முதல் அடுக்கு கரைந்துவிடும். இதற்காகப் படலத்தைக் குறுக்குப் பிணைப்பால் இறுக்கும் வேதியியலை உருவாக்கினார்கள். 2003இல் ஆக்ஸிடேன் குழுக்கள் கொண்ட பாலிமர்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அப்படிச் செய்து காட்டினார்கள். இருந்தும் அடுக்கு எண்ணிக்கையில் வெற்றிட முறையோடு போட்டி போட முடியவில்லை. நீலத்தின் ஆயுளும் போதவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் கரைசல் முறை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஜப்பானின் ஜேஓஎல்இடி 2023இல் திவால் மனு கொடுத்தது உண்மை. 2024இல் சீனாவின் டிசிஎல் இன்க்ஜெட்டில் அச்சிட்ட ஓஎல்இடியை உற்பத்திக்குக் கொண்டுவந்ததும் உண்மை.

கிளீன்ரூம்_அக்கா · ஞாயிறு, காலை 11.15

டீச்சர் சொன்ன சுத்தம் பற்றி ஆய்வகப் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். பாலிஃபுளோரீன் எடுத்தால் முதலில் சந்திக்கப் போவது பச்சைதான், நீலம் அல்ல. புதிதாகச் செய்த படலம் அழகாக நீலமாக எரியும், கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்தாலோ காற்றில் சூடாக்கினாலோ 530 நானோமீட்டர் பக்கம் ஒரு பச்சைப் பட்டை எழும்பும். சங்கிலிகள் ஒட்டிக்கொள்வதால் வருகிறது என்றுதான் முதலில் பலர் நினைத்தார்கள். 2002 வாக்கில் தெளிவானது என்னவென்றால், ஃபுளோரீனின் 9ஆம் கார்பன் ஆக்சிஜன் ஏறி ஃபுளோரனோன் ஆகிவிடுகிறது. சங்கிலியில் எங்கோ ஓரிடத்தில் அது இருந்தாலே போதும், ஆற்றல் நீளமாக ஓடிவந்து அங்கே விழுந்து பச்சையாக வெளிவரும். அகச்சிவப்பு நிறமாலையில் 1720 செ.மீ⁻¹ பக்கம் ஒரு சின்னக் கார்போனைல் உச்சி தெரிந்தால் அதுதான் ஆள்.

9ஆம் இடத்தில் இரண்டு ஆல்கைல் கிளைக்குப் பதில் அரைல் குழுக்களையோ ஸ்பைரோ அமைப்பையோ (ஒரே கார்பனில் இரண்டு வளையம் சேர்வது) வைத்தால் இது மிகவும் குறையும். ஸ்பைரோ வைத்தால் கண்ணாடி நிலை மாற்ற வெப்பமும், அதாவது படலம் இளக ஆரம்பிக்கும் வெப்பமும், ஏறும். இங்கே மதிய வெயிலில் காருக்குள் போனை வைத்துவிட்டுப் போகும் ஊருக்கு அது சின்ன விஷயம் அல்ல. பழைய துளைக் கடத்தியான டிபிடி சுமார் 65 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், என்பிபி அதை 95 அளவுக்கு உயர்த்தியது.

அப்புறம் பல்லேடியம். மோனோமர்களைப் பல்லேடியத்தால் இணைக்கும் சுசுகி வினையில் செய்தால் வினையூக்கி உலோகம் பாலிமருக்குள் தங்கும். வெறும் வீழ்படிவாக்கலை நம்பாமல், உலோகத்தைப் பிடிக்கும் சேர்மத்தோடு கலக்கிக் கழுவ வேண்டும். சங்கிலி முனையில் புரோமினோ போரான் குழுவோ மிச்சம் இருந்தாலும் அது மின்சுமையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முனைகளை ஃபீனைல் கொண்டு மூடிவிட வேண்டும்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கால்சியம், பேரியம் போன்ற கேத்தோடுகள் நீராவியைப் பார்த்தவுடன் கெடும், திரையில் கரும்புள்ளி விழும். ஓஎல்இடி உறைக்குச் சொல்லப்படும் அளவு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவி. பினாங்குக் காற்றில் குளோவ் பாக்ஸின் (ஈரம் புகாத வேலைப் பெட்டியின்) கையுறையில் ஓர் ஊசித்துளை விழுந்தால் அந்த வாரத்து டிவைஸ் எல்லாம் வீண். பொருள் மோசமா, பெட்டி மோசமா என்று பிரித்தறிய, தெரிந்த ஒரு பொருளையும் ஒவ்வொரு முறையும் கூடவே செய்து பாருங்கள்.

பட்டர்வொர்த்_மாணவி · ஞாயிறு, மாலை 4.30

இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிஏடிஎஃப் பக்கமும் கொஞ்சம் சொல்லுங்கள் அண்ணா. இரிடியம் இல்லாமலே ட்ரிப்லெட் எப்படி ஒளி தருகிறது?

கேஎல்_கெமிஸ்ட் · ஞாயிறு, இரவு 10.02

மூலக்கூறின் ஒரு பகுதியில் எலக்ட்ரானைக் கொடுக்கும் குழு, இன்னொரு பகுதியில் வாங்கும் குழு. இரண்டையும் ஒன்றுக்கொன்று திருகி வைத்தால் நிரம்பிய சுற்றுப்பாதையும் காலிச் சுற்றுப்பாதையும் அதிகம் மேற்பொருந்தாது. அப்போது சிங்க்லெட்டுக்கும் ட்ரிப்லெட்டுக்கும் இடைவெளி 0.1 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குச் சுருங்கும். அறை வெப்பமே ட்ரிப்லெட்டை மேலே தள்ளி சிங்க்லெட் ஆக்கிவிடும், அது ஒளி தரும். 2012இல் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு நான்கு கார்பசோலையும் இரண்டு சயனோ குழுவையும் ஒரே பென்சீன் வளையத்தில் வைத்து 19 சதவீத வெளித்திறன் காட்டியது. உலோகமே இல்லாமல் வந்த எண் அது. இரிடியம் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சில டன்தான் கிடைக்கிறது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

குறை என்னவென்றால் திருகிய மூலக்கூறின் நிறம் அகலமாகப் பரவும், நீலம் வெளிறிய வான நீலமாகிவிடும். 2016இல் ஹதகெயாமா போரானையும் நைட்ரஜனையும் ஒரே தட்டையான சட்டத்துக்குள் மாறிமாறி வைத்து, 28 நானோமீட்டர் அகலமே உள்ள கூர்மையான நீலத்தைக் கொடுத்தார். நான் பார்த்ததில் மனதுக்கு மிகவும் பிடித்த மூலக்கூறு அது. ஆனால் அதில் ட்ரிப்லெட் மேலே ஏறுவது மெதுவாக இருக்கிறது. மெதுவாக ஏறினால் காத்திருக்கும், காத்திருந்தால் மோதும், மோதினால் உடையும். மறுபடி அதே பிணைப்புக் கணக்கில்தான் வந்து நிற்கிறோம்.

டீச்சரின் பதிவைப் பலமுறை வாசித்தேன். இரண்டு தலைப்பையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. பாலிமர் சங்கிலியிலேயே கொடுக்கும் குழுவையும் வாங்கும் குழுவையும் பக்கக் கிளைகளாகத் தொங்கவிட்டு டிஏடிஎஃப் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சங்கிலியின் முதுகெலும்பு இணைவில்லாததாக (ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறிமாறித் தொடராததாக) இருந்தால் ட்ரிப்லெட் அதற்குள் ஓடித் தொலையாது. மேற்பார்வையாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பாலிமர்_டீச்சர் · திங்கள், காலை 7.20

இது நல்ல யோசனை, நான் மனதார ஆதரிக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு ஆண்டில் புது மூலக்கூறு பத்து செய்து பத்துக்கும் திறன் எண் மட்டும் போடாதே அம்மா. இரண்டே பாலிமர் செய், குறையின் அளவை வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் செய், ஒவ்வொன்றின் ஆயுளையும் அள. கில்ச் வழிக் குறைகளை எண்ணிய அந்த வேலையை இன்றைய பொருளில் யாராவது பொறுமையாகச் செய்ய வேண்டும்.

ஷிப்ட்_இன்ஜினியர் · திங்கள், பிற்பகல் 1.05

ஆயுள் அளக்கும்போது ஒரு சின்னக் குறிப்பு. வெளிச்சம் பாதியாகும் வரை காத்திருக்காமல் 95 சதவீதத்துக்கு இறங்கும் நேரத்தைப் பாருங்கள், கண்ணுக்கு நிழல் தெரிய ஆரம்பிப்பது அந்த அளவில்தான். தொடக்க வெளிச்சத்தையும் கூடவே எழுதுங்கள், அது இல்லாத ஆயுள் எண்ணால் யாருக்கும் பயனில்லை. டிவைஸ் செய்ய வசதி போதாவிட்டால் கேஎல் பக்கம் மலாயா பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஓஎல்இடி செய்பவர்கள் உண்டு, கூட்டாகச் செய்ய முடியுமா என்று மேற்பார்வையாளர் வழியாகக் கேட்கலாம்.

ரிப்பேர்_கடை_பிரிக்ஃபீல்ட்ஸ் · திங்கள், இரவு 9.33

கஸ்டமர்களிடம் இனி விவரமாகச் சொல்வேன். வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், திரை அணையும் நேரத்தைச் சுருக்குங்கள், கருப்புப் பின்னணி போடுங்கள் என்று இதுவரை பழக்கத்தில் சொன்னேன். மோதல் குறையும் என்பதுதானே காரணம் அண்ணே?

கேஎல்_கெமிஸ்ட் · திங்கள், இரவு 10.15

அதேதான். மின்னோட்டம் பாதியானால் மோதல் பாதியைவிட அதிகமாகவே குறையும், ஏனென்றால் மோத இரண்டு பேர் வேண்டும். சூட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், டேஷ்போர்டில் வெயிலில் வைத்து முழு வெளிச்சத்தில் ஓட்டுவதுதான் மிக மோசம்.

பட்டர்வொர்த்_மாணவி · செவ்வாய், இரவு 8.50

மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். பாலிமர்தான். ஃபுளோரீன் மோனோமரில் தொடங்கி, முதல் ஆறு மாதம் குறையின் அளவு, ஆயுள் மட்டும். டிஏடிஎஃப் கிளைகள் அதன் பிறகு. அவருக்கும் பிடித்திருக்கிறது. அக்கா, ஒரு கேள்வி: 9ஆம் இடத்தில் இரண்டு கிளையும் முழுசாக ஏறிவிட்டது என்று பாலிமராக்கும் முன்பே எப்படி உறுதி செய்வது?

கிளீன்ரூம்_அக்கா · செவ்வாய், இரவு 9.25

புரோட்டான் என்எம்ஆரில் 4 பிபிஎம் பக்கம் பாருங்கள். ஒரே கிளை ஏறிய ஃபுளோரீனில் மிச்சமிருக்கும் 9ஆம் இடத்து ஹைட்ரஜன் அங்கே சின்னதாக எழும்பும், பிற்பாடு ஃபுளோரனோன் ஆவது பெரும்பாலும் அந்த மிச்சம்தான். அடிக்கோட்டை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், ஸ்கேன் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். தெரிந்தால், உலர்ந்த டிஹெச்எஃப் கரைப்பானில் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு போட்டுக் கலக்குங்கள். அந்த மிச்சம் மட்டும் நிறமுள்ள எதிர்மின் அயனியாக மாறும், அலுமினாப் படுகை வழியாக வடிகட்டினால் அங்கேயே தங்கிவிடும். கரைசல் நிறமில்லாமல் இறங்கும் வரை திரும்பச் செய்யுங்கள், பிறகு மறுபடிகமாக்கல். எல்லாம் ஆர்கான் சூழலில், வெளிச்சம் படாமல்.

உங்கள் ஆய்வகத்தில் என்எம்ஆர் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லுங்கள், எந்த அளவு வரை குறையைப் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.